கமலவேணியின் பையில் ராகு காலம்

கமலவேணிக்கு வேலை போனது பதினேழு முறை, திரும்பக் கிடைத்ததும் பதினேழு முறை. ஒரே கல்லூரி, ஒரே ஆய்வகம், ஒரே துடைப்பம். ஆண்டுதோறும் மே முப்பதாம் தேதியோடு அவரை நிறுத்துவார்கள். ஜூன் ஒன்றாம் தேதி புதிதாகச் சேர்ப்பார்கள். நடுவில் இருக்கிற அந்த ஒரு நாள் சட்டத்துக்கு. இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தால் மனிதர்கள் நிரந்தரம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்களாம். ஆகவே, நாற்பத்தாறு வயதில், காதோரம் நரைத்த நிலையில், அந்தப் பொறியியல் கல்லூரியின் மிகுந்த அனுபவமுள்ள புதுமுகம் அவர்தான்.

கல்லூரி ஓரிக்கை போகிற சாலையில் இருந்தது. வாசலில் ஒரு சரஸ்வதி, பக்கத்தில் சிமெண்டு ராக்கெட். தேவிக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே நாளில் ஒரே பெயிண்டரை வைத்து வர்ணம் அடித்ததால் இரண்டுக்கும் உதடு சிவப்பு. சேர்மன் பரசுராமன் கூரம் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல் போட்டார், பிறகு செங்கல் போட்டார், கடைசியில் கல்வி போட்டார். மூன்றில் எது பூச்சி விழாத பயிர் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கமலவேணி பணியாற்றியது இயற்பியல் ஆய்வகத்தில். அட்டெண்டர் என்று பெயர். கூட்டுவது, துடைப்பது, பேராசிரியர் சாமுவேல் தேடும் மூக்குக் கண்ணாடியை அவர் நெற்றியிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஆகியவை கடமைகள். பெரிய காஞ்சிபுரத்தில் வீடு. கணவர் கோதண்டபாணி பட்டு நெசவாளர். தறி போக அவரிடம் எட்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இருந்தன, வாடகைக்கு. பழைய தொழில், பாவம் என்று கண்ணீர் விட யாராவது வருவதானால் முகூர்த்த மாதத்தில் வர வேண்டாம், நிற்க இடம் இருக்காது. மாப்பிள்ளை அழைப்பை டிரோன் வைத்து எடுக்கிறார்கள் அல்லவா? மேலேயிருந்து பார்த்தால் டியூப் லைட் டியூப் லைட்டாகவே தெரிகிறதாம், பெட்ரோமாக்ஸ் பாரம்பரியமாகத் தெரிகிறதாம். போனில் அரை நிமிஷம் ஓடப்போகிற பாரம்பரியத்துக்காகக் கோதண்டபாணி மூன்று மாதம் முன்பே தேதி கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லூரி சேர்மன் வீட்டுக் கல்யாணத்துக்கே அவர் விளக்குதான் போனது.

அவருடைய ஒரே பிரச்சினை மேண்டில். பெட்ரோமாக்ஸின் வயிற்றில் கட்டுகிற சின்ன வலைப்பை அது. அது எரிந்துதான் அந்த வெள்ளை வெளிச்சம். கட்டுமுன் அதில் ஈரம் ஏறக்கூடாது, ஏறினால் பற்றவைத்ததும் பொத்தலாகிவிடும். கோதண்டபாணியின் வீட்டிலோ குழித்தறி. ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும், சுவர் வியர்க்கும், அலமாரிக்குள் வைத்த கல்யாணப் புடவைகூட வாடை பிடிக்கும். போன வருஷம் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் எட்டில் ஐந்து விளக்குகள் பாதி வழியிலேயே அணைந்து, மாப்பிள்ளை இருட்டில் வேறு கல்யாண மண்டபத்து வாசலில் ஆரத்தி வாங்கிக்கொண்டார்.

"ஈரமே இல்லாத எடம் ஒண்ணு வேணும்மா கமலா. காஞ்சிபுரத்துல எங்க இருக்குது?" என்றார் கோதண்டபாணி.

"எங்க லேப்ல இருக்குது," என்றார் கமலவேணி.

உண்மைதான். ஆய்வகத்தின் உள்ளறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. உள்ளே காற்றில் ஈரமே இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் ஒரு மெஷின் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேல் தட்டு மாணவர்களுடையது. கீழ்த் தட்டில் துடைக்கிற துணி, ஸ்பிரிட் பாட்டில், கையுறை எல்லாம் கமலவேணியின் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தில் நான்கு டஜன் மேண்டில் ஒரு மஞ்சள் துணிப்பையில் குடியேறியது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பை வீட்டுக்குப் போகும். முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலையில், குறைந்ததற்குப் புதிதாக வாங்கிப் போட்டு, திரும்பி வரும்.

மேல் தட்டில் இருந்தது செயற்கைக்கோள்.

அரைக்கிலோ இனிப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்த அளவுதான். ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வந்து கதிர்வீச்சை எண்ண வேண்டும், அதுதான் அதன் பிழைப்பு. பூமிக்கு ஒரு காந்த வேலி இருக்கிறது. சூரியனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்து விழுகிற துகள்களை அது மறிக்கும், சிலதைப் பிடித்து வைத்துச் சுற்ற விடும். பிரேசில் பக்கத்துக் கடலுக்கு மேலே மட்டும் அந்த வேலி தாழ்ந்திருக்கிறது. அந்த வழியாகப் போகிற செயற்கைக்கோள்களுக்கு அடி அதிகம். எங்கே எவ்வளவு அடி என்று எண்ணிச் சொல்லும் டிடெக்டரைச் செய்தவள் ஜெயப்ரியா, நான்காம் ஆண்டு மாணவி. இரண்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவள். டிடெக்டரைத் தவிர மற்றதெல்லாம் விலைக்கு வாங்கியது, அல்லது சேர்மன் படம்.

அதற்குள் கமலவேணியின் கைவேலையும் இருந்தது. வயர்களைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார்கள். செயற்கைக்கோளைச் சோதித்து ராக்கெட்டில் ஏற்றச் சம்மதம் சொல்ல வேண்டிய நிபுணர் துளசி, முதல் தடவை வந்தபோதே அதைப் பார்த்து முகம் சுளித்தார். மேலே போனால் பிளாஸ்டிக் நொறுங்கும், இதற்கென்றே இருக்கிற நூலால் கட்ட வேண்டும் என்றார். மாணவர்கள் கட்டினார்கள், பரங்கிக்காய் மூட்டை கட்டியது போல இருந்தது. தறிப் பாவில் அறுந்த இழையை இருட்டிலும் பிடித்து முடிகிற கமலவேணி அவர்களை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாற்பத்தொரு முடிச்சு. துளசி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "யார் போட்டது?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியை ஒரு மாதம் வரைக்கும் கமலவேணி தெருவில் விளக்கிக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முன் முப்பது நாள் சோதனை. அலமாரிக்குள்ளேயே டிடெக்டரை ஓட விட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கிற பூமியிலும் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு, நிமிஷத்துக்கு இருபது எண்ணிக்கை வரும். எந்நாளும் அந்த இருபதிலேயே நின்றால் டிடெக்டர் ஒழுங்கு.

நிற்கவில்லை. எழுபது வந்தது. பிறகு இருபது. மறுபடி எழுபத்திரண்டு. ஜெயப்ரியா அழாத குறை. சாமுவேல் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் நின்று தாடையைத் தேய்த்தார்.

"பதினெட்டாம் தேதி கம்மி. இருபத்தொண்ணு கம்மி. இருபத்தஞ்சு கம்மி. இடையில எல்லாம் எகிறுது. இந்த மூணு தேதியில என்னதான் நடந்துச்சு?"

பின்னால் துடைத்துக்கொண்டிருந்த கமலவேணி நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தேதிகள் அவருக்கு மனப்பாடம். "அது மூணும் முகூர்த்த நாளாச்சே சார்," என்றார்.

விளக்கு வாடகை விடுகிறவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் அந்த நேரம் பார்த்துக் கதவருகே சேர்மன் நின்றுகொண்டிருந்தார். பரசுராமன் அன்று உள்ளே வந்தது ஏ.சி. காற்று வாங்க. வெளியே போகும்போது விஞ்ஞானி ஆகியிருந்தார்.

"கெட்ட நாள்ல கதிர்வீச்சு ஜாஸ்தி. நல்ல நாள்ல கம்மி. ரிஷிங்க சொன்னத மெஷின் சொல்லுது! சாமுவேல், இத விட்டுடாதீங்க."

"சார், மூணு தேதியை வச்சு அப்படிச் சொல்ல முடியாது..."

"உங்களுக்கு எத்தனை தேதி வேணும்? பஞ்சாங்கத்துல வருஷம் முழுக்க இருக்குது. எடுத்துக்கங்க."

அடுத்த இரண்டு முகூர்த்தத்திலும் எண்ணிக்கை இறங்கியது. சாமுவேல் வாரத்துக்கு ஐந்து நாள் விஞ்ஞானத்தையும் ஞாயிற்றுக்கிழமை கர்த்தரையும் நம்புகிறவர். பஞ்சாங்கத்துக்கு அவரிடம் கிழமை ஒதுக்கப்படவில்லை. இப்போது அதையும் மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்துப் பார்க்கத் தொடங்கினார். சேர்மன் கல்லூரிப் பெயரில் 'விண்வெளி முகூர்த்த காலண்டர்' அச்சடிக்க ஏற்பாடு செய்தார். துளசி கடைசிச் சோதனைக்கு வருகிற வெள்ளிக்கிழமையே செயல்விளக்கம் என்று சேர்மன் அறிவித்தார். நல்ல நாள் வேலை செய்தால் நல்ல நேரமும் வேலை செய்யத்தானே வேண்டும்? காலையில் முகூர்த்த நேரம், எண்ணிக்கை இறங்கி இருக்கும். பத்தரைக்கு ராகு காலம், ஏறும். துளசி கண்ணால் பார்ப்பார்.

"கமலவேணிம்மா, இத மொதல்ல கண்டுபிடிச்சது நீங்க. அன்னிக்கு மேடையில வச்சே உங்களுக்கு பெர்மனென்ட் ஆர்டர்," என்றார் பரசுராமன்.

பதினேழு வருஷம் கேட்டும் கிடைக்காத அந்தக் காகிதம். கமலவேணி துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

உண்மை அவருக்குத் தெரிந்தது அதற்கு மறுநாள் காலை. முகூர்த்தம் முடிந்து மஞ்சள் பையோடு வந்தவர் அலமாரியைத் திறந்தார். பக்கத்துத் திரையில் இருபது என்று நின்றது. பையைக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு மேசையைத் துடைத்துத் திரும்பினால், எழுபத்தொன்று. பையை வெளியே கொண்டுபோய் வராந்தாவின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு வந்தார். இருபது. மறுபடி உள்ளே. எழுபது. மூன்றாம் தடவை செய்தபோதும் அதே கதை. ராகுவும் குளிகனும் எமகண்டமும் நான்கு டஜன் பாக்கெட்டாக அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து, போனில் தேடிப் பார்த்து, கணவரிடம் சொன்னார்.

"மேண்டில்ல தோரியம்னு ஒண்ணு தடவுறாங்களாம்பா. அதான் அப்படி வெள்ளையா எரியுது. அதுலருந்து கதிர் வந்துக்கினே இருக்குமாம்."

கோதண்டபாணி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்ப இத்தினி நாளா நாம ரேடியேஷனத்தான் வாடகைக்கு வுட்டுக்கினு இருக்கிறோமா?"

"ரொம்பல்லாம் இல்லியாம். ஆனா அந்தப் பொண்ணு மெஷினு மோப்பம் புடிச்சிடுது."

"சொல்லிட்டியா அங்க?"

"சொன்னா ஆர்டர் போயிடும். ஆர்டர் மட்டுமா? சுத்தமா வச்சிருக்கிற அலமாரியில லைட்டு சாமான் வச்சதுக்கு வேலையும் போயிடும்."

"அப்ப சொல்லாத."

"சொல்லலன்னா வெள்ளிக்கெழம நம்பரு ஏறாது. அதுக்கு ராகு காலத்தப் பத்தி இன்னா தெரியும்? பை உள்ள வந்தாத்தானே ஏறும்? சேர்மனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சுன்னா ஆர்டரக் கிழிச்சிடுவாரு."

கோதண்டபாணி நெசவாளர். பின்னல்களை எந்தப் பக்கமிருந்து பிரிப்பது என்று யோசிக்கத் தெரிந்தவர். "பைய நீயே பத்தரைக்கு உள்ள எடுத்துக்கினு போயேன். ஏறிட்டுப் போவுது. யாருக்கு நஷ்டம்?"

கமலவேணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார். அந்த யோசனையை அவர் ஏற்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. முந்தின நாள் விளக்கு போய் வந்ததில் மிஞ்சிய பாக்கெட்டுகளையும் புதுச் சரக்கையும் மஞ்சள் பையில் போட்டு, கோதண்டபாணி மொபெட்டில் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். கமலவேணி பையை வராந்தாக் கோடியில் குடை மாட்டுகிற ஆணியில் மாட்டினார். உள்ளறைக்கு அங்கிருந்து முப்பது அடி. நிரந்தரத்துக்கும் அங்கிருந்து முப்பது அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நாற்காலி, சால்வை, ஒலிபெருக்கி. துளசி ஓரத்தில் உட்கார்ந்து முப்பது நாள் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார். படிக்கப் படிக்கப் புருவம் ஏறிக்கொண்டே போனது. சேர்மன் நிகழ்ச்சி நிரலை வாசித்தார்: செயல்விளக்கம் பத்தரைக்கு, ஆர்டர் வழங்குதல் பதினொன்றரைக்கு.

கமலவேணி பக்கத்தில் போய் மெல்லக் கேட்டார். "ஐயா, ஆர்டரப் பதினொன்றரைக்கா குடுக்கப் போறீங்க?"

"ஆமாம்மா. ஏன்?"

"ராகு காலம் பன்னெண்டு வரைக்கும் இருக்குதுங்களே. நீங்களே மெஷின வச்சி நிரூபிக்கப் போறீங்க. அதுல போயி ஒரு பொம்பளைக்கு மொதமொதலா நிரந்தரம் குடுத்தா, நாள பின்ன காலேஜுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா..."

சேர்மனின் முகம் வெளுத்தது. நம்பிக்கை உள்ள மனிதர், அதில் பாசாங்கு கிடையாது. ஒன்பது ஐம்பதுக்கு, சுத்தமான முகூர்த்தத்தில், கிழக்கு பார்த்து நின்று பச்சை மையால் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, போட்டோ எடுத்து, காகிதத்தைக் கமலவேணி கையில் கொடுத்தார். அவர் அதை நான்காக மடித்து இடுப்புப் பர்ஸில் வைத்தார். பதினேழு வருஷம் கழித்து, பதினேழு நொடியில் முடிந்துபோனது.

பத்தரை மணி. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பத்தொன்பது. இருபது. பதினெட்டு.

"ஏறும்," என்றார் சேர்மன்.

பத்து முப்பத்தாறு. இருபது.

"ராகு லேட்டா வருவாரோ என்னவோ," என்று பின்வரிசையில் ஒரு குரல்.

பத்து நாற்பதுக்குத் துளசி கணக்கை மூடி வைத்தார். "சார், நல்ல நேரம் கெட்ட நேரம் எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியறது ஒண்ணுதான். இந்த டிடெக்டர் ஒரு நாள் எழுபது சொல்லுது, ஒரு நாள் இருபது சொல்லுது, ஏன்னு உங்க யாருக்கும் தெரியல. காரணம் தெரியாத கருவிய நான் மேல அனுப்ப முடியாது. கழட்டிடுங்க. அந்த இடத்துல அதே எடைக்கு ஒரு அலுமினியக் கட்டி வச்சா போதும், பெட்டி பறக்கும்."

"மேம், அது இல்லன்னா இது வெறும் டப்பா மேம்," என்றாள் ஜெயப்ரியா.

"இன்னிக்கு மத்தியானம் வண்டி வருது. கழட்டறதுன்னா இப்பவே கழட்டணும். அந்தக் கட்டெல்லாம் அறுக்க வேண்டியிருக்கும். கத்தரி இருக்கா?"

கத்தரி வெளியறையில் கமலவேணியின் மேசைமேல் இருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நாற்பத்தொரு முடிச்சு. இடுப்பில் ஆர்டர். வாயை மூடிக்கொண்டு கத்தரியை எடுத்துக் கொடுத்துவிட்டால் பென்ஷன் வரைக்கும் கவலையில்லை.

கமலவேணி வெளியே போனார். கத்தரிக்குப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். உள்ளே வரும்போது கையில் மஞ்சள் பை. நேராக அலமாரிக்குப் போய்க் கீழ்த் தட்டில் வைத்தார்.

திரை யோசித்தது. நாற்பத்தெட்டு. அறுபத்தாறு. எழுபத்து நான்கு.

"பாத்தீங்களா!" சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். "வந்துட்டாரு! ராகு வந்துட்டாரு! நேரம் குறிச்சுக்கங்கய்யா, பத்து நாப்பத்தஞ்சு!"

கைதட்டல். கமலவேணி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருபது. கைதட்டல் நின்றது. உள்ளே வந்தார். எழுபத்திரண்டு. யாரோ பழக்கதோஷத்தில் தட்டி, பாதியில் கையை மடக்கிக்கொண்டார். வெளியே. பத்தொன்பது. உள்ளே. எழுபத்து மூன்று.

"ஐயா, ராகு பையில இருக்காரு," என்றார் கமலவேணி. "பெட்ரோமாக்ஸ் மேண்டிலு. எங்க வூட்ல ஈரம், அதான் இங்க வச்சேன். முகூர்த்தத்துக்கு எடுத்துக்கினு பூடுவேன், மறுநாளு கொண்ணாந்து வப்பேன். அந்தப் பொண்ணு மெஷின் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அதான் என்னக் கரெக்டாக் காட்டிக் குடுத்துச்சி."

முதலில் சிரித்தவர் சாமுவேல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார், இழுப்பறையில் பஞ்சாங்கம் இருப்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்தினார். துளசி எழுந்து வந்து, பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து டிடெக்டருக்கு அருகே நீட்டினார், தள்ளினார், மறுபடி நீட்டினார். எண்ணிக்கை ஏறி இறங்கி, வந்ததற்கும் போனதற்கும் சரியாகப் பதில் சொன்னது.

"உங்க கிட்ட சோதிச்சுப் பாக்கக் கதிரியக்கப் பொருளே இல்லன்னு எழுதியிருந்தீங்களே?"

"லைசென்ஸ் வேணும்னாங்க மேம். கெடைக்கல," என்றாள் ஜெயப்ரியா.

"ஒரு மாசமா உங்க கீழ்த் தட்டுலயே இருந்திருக்கு." துளசி பேனாவை எடுத்தார். "ஏன்னு தெரிஞ்சா போதும். டிடெக்டர் போகட்டும்." பிறகு கமலவேணியிடம், "இந்தப் பைய மட்டும் இனிமே இங்க வைக்காதீங்க," என்றார்.

சேர்மன் கை நீட்டினார். "அந்த ஆர்டரக் கொஞ்சம் குடும்மா."

"எதுக்குங்கய்யா?"

"ஒரு சின்னத் திருத்தம்."

"நல்ல நேரம் முடிஞ்சிடுச்சிங்களே ஐயா," என்றார் கமலவேணி. "இப்ப கைய வச்சா வௌங்காது."

நிரந்தர ஊழியரை நினைத்தவுடன் அனுப்ப முடியாது, விசாரணைக் குழு வேண்டும். கல்லூரியில் அதுவரை நிரந்தர அட்டெண்டரே இல்லாததால் குழுவை எப்படி அமைப்பது என்பதற்கே ஒரு குழு அமைத்தார்கள். கதிரியக்கப் பொருளைப் பொறுப்பின்றிக் கையாண்டதாகக் குற்றச்சாட்டு. கமலவேணி ஜெயப்ரியாவை விட்டு எழுதச் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்றரை வரி: இதே பொருள் சேர்மன் வீட்டுக் கல்யாணத்தில் எட்டு விளக்கில் எரிந்தது, மாப்பிள்ளைக்கு மிக அருகில், அதையும் விசாரணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. காலண்டர் அச்சாகி வந்துவிட்டதால் விநியோகம் நடந்தது. அதில் தவறு கண்டுபிடித்து யாரும் கடிதம் எழுதவில்லை.

செயற்கைக்கோள் மாசியில் போனது. நாற்பத்தொரு முடிச்சும் கூடவே போயின.

மே முப்பத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, கமலவேணி வேலைக்கு வந்தார். பதினேழு வருஷத்தில் அந்தத் தேதிக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததில்லை. மற்ற நாள் போலத்தான் இருந்தது. கொஞ்சம் தூசு அதிகம். ஜெயப்ரியா படிப்பு முடிந்தும் போக மனமில்லாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பூமி முழுக்க எண்ணிக்கை சாதுவாக இருந்தது, பிரேசில் பக்கத்துக் கடலுக்கு மேலே மட்டும் கோபுரம் போல எழும்பியிருந்தது.

சேர்மன் ஏ.சி. காற்று வாங்க உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கமலவேணியைப் பார்க்காதது போலப் பார்த்தார். கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அங்க ஏன் அவ்ளோ ஏறுது?"

"அங்க வேலி தாழ்ந்திருக்குது சார். எப்பவும் அப்படித்தான்," என்றாள் ஜெயப்ரியா.

"எப்பவுமா? எந்நேரமும் ராகு காலமா?" அவர் குரலில் பழைய வெளிச்சம் லேசாக எட்டிப் பார்த்தது. "கமலவேணிம்மா, அந்தப் பக்கம் உங்க ஆளுங்க யாராவது..."

"அவ்ளோ தூரமெல்லாம் எங்க வூட்டுக்காரரு வாடகைக்கு வுட மாட்டாருங்கய்யா," என்றார் கமலவேணி. பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டை இழுத்து, பதினேழு வருஷமாகக் காலியாகவே இருந்துவந்த அந்தத் தேதியின் கட்டத்தில், எல்லையைத் தாண்டி ஜூன் ஒன்று வரைக்கும் நீளுகிற மாதிரி பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.